பழக்குவதா, பழகுவதா: புதிதாக வாங்கிய குதிரைக்கு மூன்று வழிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அண்ணன் போன வாரம் போன் செய்தார். பதினான்கு வயது மகளுக்காக ஒரு பெண்குதிரை வாங்கியிருக்கிறார். நாலு வயது, கத்தியவார் கலப்பு. தலைக்கயிறு போட்டால் நிற்கிறது; முதுகில் இதுவரை யாரும் ஏறியதில்லை. "தம்பி, ரெண்டு மாசம் ஒரு ட்ரெயினர்கிட்ட விட்டு எடுத்துடலாமா, இல்ல நாமளே பழக்கிக்கலாமா?" என்று கேட்டார். அரைமணி நேரம் பேசியும் எனக்கே திருப்தியாகச் சொல்ல வரவில்லை. அவர் சொன்ன இரண்டு வழியிலும் நான் போய் வந்திருக்கிறேன். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, இப்போது நான் இருப்பது அதில்தான். அவருக்கும், இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று மூன்றையும் எழுதுகிறேன்.

என் குதிரையின் பெயர் செவலை. நிறத்தையே பெயராக வைத்துவிட்டோம். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் எங்கள் தென்னந்தோப்பின் ஓரத்தில் கொட்டகை. 2022-இல் வாங்கினேன், அப்போது அதற்கு ஐந்து வயது. எனக்குச் சவாரி சுமாராகத் தெரியும். குதிரை வளர்த்துப் பழக்கம் கிடையாது.

அனுப்பி வைப்பது

வாங்கிய வருடமே வெளியூரில் ஒரு பயிற்சியாளரிடம் அறுபது நாள் விட்டேன். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை தெரிந்தவர், குதிரையை அடித்ததில்லை. திரும்பக் கூட்டிவரப் போன அன்று செவலை அவரைச் சுற்றி அழகாக வட்டமடித்தது. ட்ராட்டில், அதாவது மிதமான ஓட்டத்தில், போய்க்கொண்டிருந்தது, அவர் ஒரு மூச்சு விட்டு உட்கார்ந்ததும் நின்றது. பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பாகூரில் நான் ஏறினேன். நகரச் சொல்லி விலாவில் கால் கொடுத்தேன். நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். காது இரண்டும் பின்னால் படிந்தன, வாலை ஒரு வீச்சு வீசியது, பின்பக்கமாக இரண்டடி வைத்தது. இப்படியே ஒரு வாரம். "நம்மகிட்ட வந்ததும் மறந்துடுச்சு" என்று வீட்டில் சொன்னேன். அது எதையும் மறக்கவில்லை என்று புரிய எனக்கு மாதக்கணக்கானது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கடிவாள வாரை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். கால் 'போ' என்கிறது, கை 'நில்' என்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட குதிரை இரண்டுக்கும் பொதுவாகப் பின்னால் போனது.

ஜெர்மனியில் நூறு வருடங்களுக்கு முன் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். பெர்லினில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைச் சோதித்து 1907-இல் முடிவை வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரியாத கேள்வி என்றால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. தட்டும் எண்ணிக்கை சரியான விடையை எட்டும்போது கேட்பவரின் தலை அவரையும் அறியாமல் துளி அசையும். அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. 'குதிரைக்குக் கணக்கு வராது' என்று இந்தக் கதையை முடிப்பார்கள். நான் அங்கே முடிக்க மாட்டேன். ஒருவர் தனக்கே தெரியாமல் செய்கிற அசைவைப் படிக்கிற பிராணியை, வேறொருவர் உடம்பைப் படிக்கச் சொல்லி அறுபது நாள் விட்டுவிட்டு, அந்தப் பாடத்தை என்னிடம் வந்து ஒப்பிக்கச் சொன்னேன். என் தவறு அதுதான்.

ஆனாலும் இந்த வழியை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. சில சமயம் இதுதான் சரி. முதன்முதலாக முதுகில் ஆள் ஏறும் கட்டம், அப்புறம் முன்னங்கால் தூக்கி நிற்பது, கட்டுக்கு அடங்காமல் ஓடுவது, கடிப்பது போன்ற பழக்கங்கள். இவையெல்லாம் அனுபவம் இல்லாதவர் கைவைக்கும் இடங்கள் இல்லை. அப்படி அனுப்பினால் இரண்டு விஷயத்தைப் பேசி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க அனுமதி வேண்டும். கடைசிப் பத்து நாளாவது சவாரி செய்யப்போகிறவர் அங்கேயே போய், பயிற்சியாளர் கண்ணெதிரே ஏற வேண்டும். நான் இரண்டையும் கேட்கவில்லை. அங்கே என்ன கடிவாளம் போடுகிறார்கள் என்றும் பாருங்கள். முள் வைத்த கடிவாள இரும்பு, வண்டிக் குதிரைக்கும் சவாரிக் குதிரைக்கும் 1965-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. இன்றைக்கும் அதை 'அடக்குகிற கடிவாளம்' என்று சொல்லி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து குதிரையை உடனே ஓட்டி வந்துவிடுங்கள்.

நாமே பழக்குவது

2023 முழுக்க நானேதான். காலை ஐந்தரைக்குக் கொட்டகைக்குப் போய்விடுவேன். காசு மிச்சம் என்பதைவிட, குதிரைக்குப் பக்கத்தில் இருக்கிற நேரம் கிடைத்தது. தேய்த்துவிடுவது, குளம்பு சுத்தம் செய்வது, குளிப்பாட்டுவது, கயிற்றில் கூட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றி வருவது. ஒரு குதிரை நம்மை நம்புவதில் பெரும்பங்கு தரையிலேயே முடிந்துவிடுகிறது என்பதை அந்த வருடம்தான் கற்றேன்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். இளவயதில் ஜட்கா வண்டி ஓட்டியவர். கூட்டிப் போகும்போது செவலை நின்றுவிடும். நான் கயிற்றை இழுப்பேன். அது தலையைத் தூக்கிக் கழுத்தை விறைக்கும். பாவம் என்று விட்டுவிடுவேன். திரும்ப இழுப்பேன். பத்து நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், கொள்ளு அலசிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அது நல்லாத்தான் கத்துக்குது. தலையத் தூக்கினா நீங்க விட்டுடுவீங்கன்னு கத்துக்கிச்சு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து கயிற்றை வாங்கினார். இரண்டு விரலால் பிடித்தார். இழுக்கவில்லை, தொய்வு போகும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். செவலை தலையைத் தூக்கியது. விரல் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் போயிற்று. ஒரு காது அவர் பக்கம் திரும்பியது. தோள் லேசாகச் சாய்ந்து, எடை ஒரு பக்கம் மாறியது. இடது முன்னங்கால் முட்டி மடங்கியது, குளம்பு இன்னும் மண்ணை விட்டுக் கிளம்பக்கூட இல்லை. விரலைத் திறந்துவிட்டார். கயிறு தொங்கியது. செவலை ஓரடி வைத்தது. மூன்றாவது முறை கயிறு நிமிர்வதற்குள் கால் வந்துவிட்டது.

இழுக்கிற கை குதிரைக்கு ஒரு கேள்வியை மட்டும்தான் கேட்கிறது. விடுகிற கைதான் விடை சொல்கிறது. அந்த விடுதல் ஒரு நொடி தாமதமானால் வேறெதற்கோ விடை சொன்னதாகிவிடும். இன்றைக்குத் தலை தூக்கியதற்கு விட்டு, நாளைக்குக் கால் வைத்ததற்கு விட்டால், குதிரைக்கு நாம் என்ன கேட்கிறோம் என்றே தெரியாது. என்ன கேட்கிறார்கள் என்று தெரியாத இடத்தில் எந்த உயிரும் நிம்மதியாக நிற்காது. 'தொடர்ந்து ஒரே மாதிரிப் பழக்க வேண்டும்' என்று எல்லோரும் சொல்வதன் உள்ளே இருக்கிற விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். குதிரைக்கு நாளை என்ன நடக்கும் என்று இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

தீனி கொடுத்துப் பழக்கலாமா என்று அண்ணன் கேட்டார். 'கொள்ளுன்னா வாயத் தொறக்குதாம், கடிவாளம்னா மூடிக்குதாம்' என்று ஆட்களைத் திட்ட ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். குதிரையின் பக்கம் நின்று பார்த்தால் அது செய்வதில் என்ன தப்பு? கொள்ளு வாய்க்கு இதம். கடிவாள இரும்பு குளிர்ச்சி, பல்லில் இடிக்கும், பின்னால் இழுக்கும். செவலையும் கடிவாளத்தைக் கண்டால் தலையைத் தென்னை உயரத்துக்குத் தூக்கிவிடும். முதலில் அதன் பல்லை மருத்துவரிடம் காட்டினேன். கடைவாய்ப் பல்லில் ஓரம் கூர்மையாக வளர்ந்து கன்னத்தின் உள்ளே கிழித்திருந்தது. அதை ராவி எடுத்து ஆறவிட்டு, அப்புறம்தான் பயிற்சி. இரும்பில் வெல்லப்பாகு தடவி, வாயருகே வைத்துக்கொண்டு, அதுவே திறக்கும்வரை நின்றேன். நக்கிற்று, அன்றைக்கு அவ்வளவுதான். கழற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். அவசரமாக இழுத்தால் இரும்பு முன்பல்லில் அடித்து, வாரம் முழுக்கச் சேர்த்த நம்பிக்கை ஒரு நொடியில் போய்விடும். பன்னிரண்டாம் நாள் கடிவாளத்தைக் கையில் எடுத்ததும் தானே வாயைக் கொண்டுவந்தது. ஆகவே தீனி நல்ல துணை. ஆனால் சட்டைப் பையைத் துழாவினால் கொடுக்காதீர்கள். தலை நேராக, வாய் நம்மை விட்டு விலகி இருக்கும்போது மட்டும் கை போகட்டும். இல்லாவிட்டால் கடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம். தீனி இல்லாத பரிசும் உண்டு. பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்வது அங்கேதான். அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் தட் தட்டென்று தட்டிக்கொடுப்பது நமக்குத்தான் பிடிக்கும்.

இந்த வழியில் எனக்கு விழுந்த அடியும் உண்டு. ஒரு நாள் அலுவலகக் கோபத்தோடு கொட்டகைக்குள் போய், பேசாமல் பின்பக்கமாக நடந்தேன். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். நேர் பின்னாலும் நெற்றிக்கு முன்னால் ஒரு கொஞ்ச இடமும்தான் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில் நான் போய் நின்றேன். தொடையில் ஓர் உதை, மூன்று வாரம் படுக்கை. கோபத்துக்கும் இதில் பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் வெறும் போட்டோவைக் காட்டியதற்கே குதிரைகளின் இதயத் துடிப்பு கூடியது. நம் முகத்தை அது பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் தீனி மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுவது இப்போது என் வழக்கம்.

நாமே பழக்குவதில் பெரிய குறை, நம் தவறு நமக்குத் தெரியாது. என் கை இறுக்கமாக இருப்பதை ஒரு வருடம் முழுக்க யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெரியவருக்குத் தரை வேலை அத்துப்படி, சவாரி தெரியாது. தரையில் என் பின்னாலேயே வந்த செவலை, நான் முதுகில் ஏறியதும் பழையபடி விறைத்தது.

வாரம் ஒருவர் வந்து இருவரையும் திருத்துவது

நம் பக்கம் ஆரோவிலை ஒட்டி ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் இருக்கிறது. குதிரையேற்றம் இந்தப் பகுதிக்கு அந்நியமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சொல்லித்தருகிறவரைத் தேடுவது சிரமம். நான் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடிக்க நாலு மாதம் ஆனது. 2024 பொங்கல் கழிந்ததும் ஒரு பயிற்சியாளர் அக்கா ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார்.

முதல் நாலு வாரம் அவர் செவலைமேல் ஏறவே இல்லை. முதல் ஞாயிறு கடிவாளத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, இரும்பைத் தன் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். வாரை என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப என்னை இடப்பக்கம் திருப்புங்க" என்றார். திருப்பினேன். "கை வலிக்குது. இன்னும் மெதுவா." திருப்பினேன். "இன்னும்." எட்டாவது ஒன்பதாவது தடவையில் நான் மோதிர விரலை மட்டும் மூடினேன். வார் நகர்ந்ததே எனக்குத் தெரியவில்லை. அவர் இடப்பக்கம் திரும்பினார். "இவ்வளவு போதும். இதுக்கு மேல நீங்க கொடுத்ததெல்லாம் அதுக்கு வலி." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றரை வருடமாக அந்த வாயில் என்ன செய்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா செய்த இரண்டாவது காரியம் யாரும் யோசிக்காதது. "குதிரையோட யாரெல்லாம் பேசுறீங்க?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். பெரியவர் நாக்கால் 'ட்ளக்' என்பார். நான் 'போ' என்பேன். என் பையன் 'வா வா' என்பான். நிறுத்த பெரியவருக்கு 'ஹோ', எனக்கு 'நில்லு', பையனுக்குக் கத்தல். நாளில் ஒரு மணி நேரம் நான் இருந்தால், மீதி நேரமெல்லாம் பெரியவர்தான் கூட. நான் மட்டும் ஒழுங்காகப் பழக்கி என்ன பயன்? கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதினோம்: நடக்க 'ட்ளக்', நிற்க 'ஹோ', பின்னால் போக 'பின்னே', முடிந்தது என்றால் 'போதும்'. பெரியவரின் சொற்களையே எடுத்துக்கொண்டோம், செவலைக்கு அவைதான் பழக்கம். ஒரு சொல் ஒரு தடவை மட்டும். இரண்டாவது தடவை சொல்லக் கூடாது. சொன்னால் முதல் தடவை சொன்னது சும்மா என்று அதற்குப் புரியும். நம் ஊரில் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அந்த ஆளை விட்டுவிட்டு எந்தப் பயிற்சியும் நிற்காது. அவரையும் ஞாயிறு வகுப்பில் நிறுத்துங்கள், மரியாதையோடு.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். அனுப்பி வைத்தபோது அறுபது நாள், தினமும் முக்கால் மணி நேரம் என்றால் 45 மணி நேரம். அத்தனையும் பயிற்சியாளருக்கும் குதிரைக்கும் நடுவில். மூன்றாவது வழியில் எட்டு வாரத்துக்கு ஞாயிறு ஒரு மணி வீதம் 8 மணி நேரம், மற்ற ஆறு நாளில் தினம் 20 நிமிடம் வீதம் 16 மணி நேரம். மொத்தம் 24. ஏறக்குறைய பாதி. ஆனால் ஒரு நிமிடம்கூட என்னை விட்டு வெளியே போகவில்லை. செலவும் எனக்கு அனுப்பியதைவிடக் குறைவாகவே வந்தது. குதிரையை வண்டி வைத்து ஏற்றி இறக்குவது மிச்சம், அங்கே தங்கும் செலவும் மிச்சம்.

குறை இல்லாமலில்லை. வேகமாக எதுவும் நடக்காது. ஞாயிறு சொன்னதை வியாழக்கிழமைக்குள் நம் பழைய கை மறந்துவிடும். அதற்கு ஒரு நோட்டு வைத்து, அன்றன்றைக்கு இரண்டு வரி எழுதினால்தான் பிடிபடும். தினம் அந்த இருபது நிமிடம் கொடுக்க முடியாதவர்கள் இதை எடுக்கவே வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்துச் செய்து ஈடுகட்டலாம் என்று நான் ஆசைப்பட்டுப் பார்த்தேன். குதிரை களைத்துப்போய், கடைசியில் தப்புத் தப்பாகச் செய்துதான் முடியும். முடிகிற விதம்தான் அதன் மனதில் நிற்கிறது.

இடமும் பருவமும்

எந்த வழியானாலும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கு என்று சில உண்டு. தை முதல் பங்குனி வரை பழக்கத் தொடங்க ஏற்ற காலம். கத்திரியில் காலை ஏழுக்குள் முடித்துவிட வேண்டும். இங்கே வெயிலைவிட ஈரப்புழுக்கம் குதிரையை வாட்டும், வியர்வை காயாது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பயிற்சியை அறுத்துவிடும். அந்த நாட்களில் சேணம் வேண்டாம். கொட்டகைக்குள்ளேயே நிற்பது, பின்னே போவது, குளம்பு கொடுப்பது என்று பத்து நிமிடம் விடாமல் செய்தால் தொடர்ச்சி போகாது. கடற்கரை ஓரம் இருப்பவர்கள் தீனியைத் தரையில் போடாதீர்கள். மணல் சேர்ந்து வயிற்றுவலி வரும், உயிருக்கே ஆபத்து. தொட்டியில் வையுங்கள்.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் தீர்த்தவாரிக்கு வரும் கூட்டமும் மேளமும் குதிரைக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தீபாவளி வெடியும் அப்படித்தான். சத்தத்துக்குப் பழக்குவதை அந்த நாளில் ஆரம்பிக்க முடியாது. செவலைக்குக் கடல் என்பதையே நரம்பைக் கடற்கரையில் ஐந்து விடியற்காலைகளாகக் காட்டினோம். முதல் நாள் சவுக்கு மரங்களோடு சரி. அலை நுரை வெள்ளையாக ஓடி வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தது, அது பயப்படும் முன்பே திரும்பிவிட்டோம். ஒவ்வொரு நாளும் இருபது அடி. ஐந்தாம் நாள் அதுவே குனிந்து நுரையை மோந்து பார்த்தது. முதல் நாளே இழுத்துக்கொண்டு போயிருந்தால் கடல் என்றாலே அதற்கு என் கயிற்றின் வலிதான் ஞாபகம் வந்திருக்கும்.

ஒழுங்காகச் செய்த குதிரை திடீரென்று முரண்டு பிடித்தால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். பல், சேணம் உறுத்துவது, குளம்பு, வயிறு. புதுச்சேரி குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கு ஒரு பலம். வலியில் இருக்கிற குதிரையை எந்த வழியிலும் பழக்க முடியாது.

அந்த விடியற்காலை

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறக்காது. எங்கள் தோப்பில் விடியுமுன் முழங்கால் தண்ணீர். செவலையை மேட்டுச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். முந்நூறு அடி தூரம்கூட இருக்காது. ஆனால் இருட்டு, செம்மண் நிறத்தில் ஓடுகிற தண்ணீர், அடி தெரியாது. கொட்டகை வாசலில் அது நின்றுவிட்டது. மூக்கை விரித்து மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, இழுக்க வேண்டும் போலத்தான் இருந்தது. இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'ட்ளக்' என்றேன், ஒரு தடவை. காது திரும்பியது. கால் வந்தது. அப்புறம் மதகு வரைக்கும் கயிறு தொய்வாகவே இருந்தது.

மதகுப் பக்கம் வந்ததும் மறுபடி நின்றது. அங்கே நான் கேட்டும் வரவில்லை. அக்கா சொன்னது ஞாபகம் வந்தது: தினமும் 'சரி' என்கிற குதிரை ஒரு நாள் 'வேண்டாம்' என்றால் அதைக் கேளுங்கள். கம்பால் குத்திப் பார்த்தேன். மதகின் ஓரம் மண் கரைந்து பள்ளமாகியிருந்தது. அது பள்ளத்தை உணர்ந்து நின்றதா, தண்ணீர் விழும் சத்தத்துக்கு நின்றதா என்று சொல்லத் தெரியவில்லை. இடப்பக்கம் சுற்றிப் போனோம். சாலையில் ஏறியதும் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அண்ணனுக்கு

உங்கள் குதிரைக்கு நாலு வயது. குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்து வயதுக்கு மேல் ஆகும். அவசரமே இல்லை. முதல் மூன்று மாதம் மூன்றாவது வழி: தரையில் மட்டும், தினம் இருபது நிமிடம், மகளே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஹெல்மெட் தரையிலும் வேண்டும். பள்ளிக்கு எட்டு மணிக்குக் கிளம்புகிற பிள்ளை என்றால் காலை ஐந்தே முக்கால் சரியாக இருக்கும். தேர்வு மாதத்தில் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம்.

அப்புறம் முதுகில் ஆள் ஏறும் கட்டத்துக்கு மட்டும் மூன்று வாரம் அனுப்புங்கள். அதை நீங்களோ நானோ செய்யக் கூடாது. சனி ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே தேய்த்துவிடச் சொல்லுங்கள், கடைசி வாரம் அங்கேயே ஏறட்டும். திரும்பி வந்ததும் மறுபடி வாரம் ஒரு நாள் பயிற்சியாளர். இன்னொன்று, கோபப்படாதீர்கள்: சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் குதிரை 350 கிலோ இருந்தால் 70 கிலோ. மகள் ஏறலாம், நீங்கள் ஏறக் கூடாது. நடத்திக் கூட்டிப் போங்கள், அதிலும் அது உங்களோடு பழகும்.

வருகிற ஞாயிறு பெரியவரையும் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பம் வருகிறேன். நல்ல பருத்திக் கயிறு ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். கடிவாளம் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.